பஸ் கட்டணத்தைக் கூட்டினால் பயணிகள் பெருகுவதாகச் சொல்லும் மாதிரியுரு: உதவி தேவை

கேள்வி
வணக்கம். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் வீடுவீடாகத் திரட்டிய பயண விபரங்களைக் கொண்டு, யாழ்ப்பாண நகருக்கு வருபவர் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், மினிபஸ், மோட்டார் சைக்கிள், துவிச்சக்கரவண்டி ஆகியவற்றுள் எதனைத் தெரிவு செய்வார் என்று கணிக்கும் ரண்டம் ஃபொரஸ்ட் (பல தீர்மான மரங்களின் முடிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் முறை) மாதிரியுரு ஒன்றை இறுதியாண்டு ஆய்வுக்காக அமைத்துள்ளேன். சோதனைத் தரவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகக் கணிக்கிறது. ஆனால் பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் பஸ்ஸில் வருவோர் தொகையும் கூடுகிறது. கட்டணம் ஏறியதே என்று மகிழ்ந்து பஸ் ஏறியவர் எவரையும் நான் கண்டதில்லை. கோளாறு எங்கே இருக்கும்?

மறுமொழி 1
தம்பி, பயண நேரம் என்ற நிரலில் அவர் உண்மையில் வந்த வாகனத்தின் நேரம் மட்டுமா இருக்கிறது? அப்படியாயின் நெல்லியடியிலிருந்து எத்தனை நிமிடத்தில் வந்தார் என்பதை வைத்தே வந்தது பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா என்று சொல்லிவிடலாம். அது விடையைப் பார்த்து எழுதும் சோதனை. அவர் தெரிவு செய்யாத வாகனங்களுக்கும் நேரத்தையும் செலவையும் கணித்து ஒவ்வொரு நிரையிலும் இடுங்கள். ஒரே ஆளின் பயணங்கள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் சிதறிக் கிடந்தாலும் துல்லியம் பொய்யாக ஏறும். ஆகவே பயணவாரியாக அன்றி வீட்டுவாரியாகப் பிரியுங்கள். தொண்ணூறு இறங்கும். இறங்கட்டும்.

கேட்டவர்
நன்றி அண்ணா. இரண்டையும் செய்தேன், துல்லியம் வெகுவாக இறங்கிவிட்டது. கட்டணம் மட்டும் இன்னும் தலைகீழாகவே நிற்கிறது.

மறுமொழி 2
நிற்கத்தான் செய்யும். நமது பஸ் கட்டணம் தூரத்தைப் பொறுத்து விதிக்கப்படுவதால், கட்டணம் கூடிய நிரைகள் எல்லாம் பருத்தித்துறை போன்ற தொலைவான இடங்களுக்கு உரியவை. அங்கிருந்து துவிச்சக்கரவண்டியில் நகருக்கு வருபவர் அரிது. ஆக, மாதிரியுரு கற்றது தூரத்தையே தவிர, பணத்தைப் பற்றிய மனிதரின் மனப்போக்கை அல்ல. தீர்மான மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்டில் கட்டணம் ஏறினால் நாட்டம் ஏறக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கலாம். திசை சரியாகும், எவ்வளவு குறையும் என்பதற்கான சான்று அப்போதும் உங்கள் தரவில் இராது. ஒரே தூரத்துக்கு வெவ்வேறு கட்டணங்களைக் காட்டி, எதில் வருவீர்கள் என்று அதே வீடுகளில் கேட்டு வாருங்கள்.

அதற்குப் பின், வாகனங்களின் நேரத்துக்கும் செலவுக்கும் எடை (குணகம்) கொடுத்து ஒவ்வொன்றும் தெரிவாகும் வாய்ப்பைக் கணிக்கும் லொஜிட் மாதிரியுருவையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் நேரத்தின் குணகத்தைச் செலவின் குணகத்தால் வகுத்தால், ஒரு மணித்தியாலத்தை மக்கள் எத்தனை ரூபாவாக மதிக்கிறார்கள் என்பது கிடைக்கும். அது நம்பத்தகாததாக இருந்தால் தரவில்தான் பழுது. இம்முறைக்கு அடித்தளமிட்ட டானியல் மக்ஃபாடன் 2000ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். சான் பிரான்சிஸ்கோவில் 1972இல் ஓடத் தொடங்கிய பார்ட் என்னும் நகர ரயிலுக்குப் பயணங்களில் கிடைக்கும் பங்கு 6.3 சதவீதம் என அவரது குழு கணித்தது, வந்தது 6.2.

மறுமொழி 1
ஓர் எச்சரிக்கை. சாதாரண லொஜிட், இ.போ.ச. பஸ்ஸையும் மினிபஸ்ஸையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு தெரிவுகளாக எண்ணி, பஸ் பக்கத்தின் மொத்தப் பங்கை ஊதிக் காட்டும். இரண்டும் ஒரே வீதியில் ஓடுபவை, முதலில் வருவதில் ஏறுகிறார்கள். இரண்டையும் ஒத்த தெரிவுகளாக ஒரே கூட்டில் இட்ட அடுக்கு லொஜிட்டே பொருந்தும்.