குஞ்சு பொரித்த அனுபவங்கள் (சிலர் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னவை): மீட்டரைப் பார்ப்பதா, முட்டையைப் பார்ப்பதா?

வீட்டில் இன்குபேட்டர் (அடைக்கோழிக்குப் பதிலாக முட்டைக்குச் சூடு கொடுக்கும் பெட்டி) வைத்துக் கோழிக்குஞ்சு எடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “சூடு 37.5 டிகிரி, ஈரப்பதம் 55, வேளை தவறாமல் திருப்பியும் விட்டேன். 21 நாள் கழித்து உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கிறது.” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். 37.5 என்று சொன்னது யார்? பெட்டியின் முகப்பில் எரியும் அந்தச் சிவப்பு எண்தானே?

என் பெட்டியில் எந்த அடை வைத்தாலும் 19ஆம் நாளே ஓட்டில் கீறல் விழும், 20 முடிவதற்குள் பொரிந்துவிடும். சீக்கிரம் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குஞ்சுகள் சிறுத்து, தொப்புள் சரியாக மூடாமல் வந்தன. சூடு கூடிப்போனால்தான் இப்படி வரும். முகப்பில் எண் என்னவோ 37.5லேயே நின்றது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, முட்டைகளுக்கு நடுவே சில மணி நேரம் போட்டுவைத்து, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அதில் வைத்துப் பார்த்தேன். 38.4. தண்ணீரில் ஏன் பார்க்க வேண்டுமென்றால், மூடியைத் திறந்தவுடன் காற்றின் சூடு சட்டென்று இறங்கிவிடும். முட்டைக்குள் இருக்கும் சூடு அப்படி இறங்காது. நமக்குத் தெரிய வேண்டியது முட்டைக்குள் இருப்பது.

இந்த 37.5 கணக்கெல்லாம் ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அப்புறம் ஈரப்பதம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைச் சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுவிட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடிவையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் என்ன காட்டுகிறதோ, அதற்கும் 75க்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் பிழை. என்னுடையது 66 காட்டியது. அப்படியானால் 55 என்று அது சொன்ன நாட்களில் உண்மையில் அறுபதுக்கு மேலே ஓடியிருக்கிறது. முட்டை காய வேண்டிய அளவு காயவே இல்லை.

* * *

கடைசியாகச் சொன்னதுதான் விஷயமே. ஈரப்பதம் எத்தனை என்று கேட்பதைவிட முட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்பது நல்லது. ஓட்டில் உள்ள நுண்துளை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை அகன்ற முனையில் உள்ள காற்றறை பிடித்துக்கொள்ளும். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் சுமார் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 50 கிராமில் வைத்தது 44 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் சரி. எடை குறையவில்லை என்றால் பெட்டிக்குள் வைக்கும் தண்ணீரைக் குறையுங்கள். ரொம்பக் குறைந்துவிட்டால் கூட்டுங்கள். ஈரப்பதத்தைக் கூட்ட அகலமான தட்டு வேண்டும். ஆழமான கிண்ணத்தில் எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை, காற்றைத் தொடும் பரப்புதான் கணக்கு.

தராசு இல்லாதவர்களுக்கு டார்ச் போதும். 7ஆம் நாள் இருட்டில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாத் திசையிலும் கால் பரப்பிய சிலந்தி மாதிரி சிவப்பு நரம்புகள். கொஞ்சம் பொறுத்தால் அந்தப் புள்ளி துள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. நரம்பு எதுவும் இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடாத முட்டை. நரம்பெல்லாம் கலைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் ஆரம்பத்திலேயே கரு செத்துவிட்டது. அப்போதே காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுவிடுவேன். 14இல் ஒரு கோடு, 18இல் ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். பேனா வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும்.

* * *

நீங்கள் எல்லோரும் மீட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள், அடைக்கோழி எந்த மீட்டரை வைத்திருக்கிறது? தினமும் எழுந்து போய்த் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வருகிறது. அந்த நேரமெல்லாம் முட்டை ஆறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைச் சொல்வது கரண்ட் போனதும் பதறுபவர்களுக்காக. எங்கள் வீட்டில் நடு அடையில் மாலையில் போன கரண்ட் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் போர்த்தியதோடு சரி. பொரிப்பு சற்றுத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆறுவதை முட்டை தாங்கும், வேகுவதைத் தாங்காது. 40ஐத் தாண்டி ஓரிரு மணி நேரம் ஓடினால் மொத்தமும் போய்விடலாம். அதனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவைத்து ஈடுகட்டுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள்.

பெட்டியைச் சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சூடு தர பழைய இழை பல்பு வேண்டும். எல்இடி பல்பைப் போட்டுவிட்டு ஏன் சூடேறவில்லை என்று கேட்பவர்கள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

* * *

அடைக்கோழியைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் அது முட்டையைத் திருப்பும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. இரவு பகல் என்றில்லாமல் புரட்டிக்கொண்டே இருக்கும். நாம் திருப்பாமல் விட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கையால் திருப்புபவர்கள் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து என்று ஒற்றைப்படையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம்தான் நீண்ட இடைவெளி, ஒற்றைப்படையில் திருப்பினால் தினமும் அது ஒரே பக்கமாக அமையாது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவிட்டால் குழப்பமில்லை. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 முதல் 70க்கு ஏற்றி மூடிவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நம் பொறுமைக்குச் சோதனை. குஞ்சு முதலில் காற்றறையைத்தான் கிழிக்கும். வெளியே ஓட்டில் ஒன்றும் இருக்காது, ஆனால் பெட்டியில் காதை வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டில் ஒரு சின்ன நட்சத்திர விரிசல். அதோடு அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள், எதுவும் நடக்காது. செத்துவிட்டதோ என்று கை பரபரக்கும். உள்ளே நடப்பது வேறு: சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. அது முடிந்தபின் குஞ்சு மெல்லச் சுழன்றுகொண்டே ஓட்டை வட்டமாக அறுத்துக்கொண்டு வரும். இந்த நேரத்தில் நாலு தரம் மூடியைத் திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் அதனால் சுழல முடியாது.

“எந்த நிலையிலும் உதவக் கூடாது” என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விரிசல் விட்டு 24 மணி நேரம் தாண்டி, சவ்வு வெள்ளைத்தாளாகக் காய்ந்து, உள்ளே சத்தம் தளர்ந்தால் நான் கை வைப்பேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வைத் தொட்டு நனைப்பேன். நனைந்ததும் அது கண்ணாடியாகத் தெளியும், நரம்பில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பெட்டியில் வைத்துவிடுவேன். தெரியாவிட்டால் காற்றறைக்கு மேலுள்ள ஓட்டை மட்டும் துண்டு துண்டாக எடுப்பேன். மீதியை அது தானே உதைத்துக்கொண்டு வரட்டும். இப்படி வந்ததில் நடக்காமல் போனதும் உண்டு, கொண்டைபோட்டுக் கூவியதும் உண்டு.

* * *

பொரித்த குஞ்சுகளை எப்போது வெளியே எடுப்பது? உள்ளே தீனி இல்லையே, பசிக்காதா?

* * *

பசிக்காது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாராளமாகப் போதும். ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்புவது இந்த தைரியத்தில்தான். ரோமம் காய்ந்து புசுபுசுவென்று ஆகும்வரை விடுங்கள். மற்ற முட்டைகளிலும் வேலை முடிந்தபின் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். புரூடரில் (பொரித்த குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இடம்) முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். அங்கேயும் மீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு. தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துபோகும். சொரசொரப்பான துணி போடுங்கள். ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுக் காட்டினால் போதும், மீதியை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும்.