ஹப் வழியாகச் சார்ஜ் போடலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

மாலதி: லேப்டாப்பின் ஒரு டைப்-சி போர்ட்டில் பல சாதனங்களைச் செருக உதவும் புது ஹப் வந்துவிட்டது. மானிட்டர், மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் அதில் செருகி, சார்ஜரையும் அதிலேயே கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பில் 'மெதுவாகச் சார்ஜ் ஆகிறது' என்று வருகிறது. சார்ஜரை நேராக லேப்டாப்பில் போட்டால் அப்படி வருவதில்லை. ஹப்பில் ஏதாவது கோளாறா?

சித்தப்பா: முதலில் கழற்றி வை அம்மா. நடுவில் இன்னொரு பெட்டி எதற்கு? சார்ஜரை நேராகப் போடு.

அருண்: கழற்ற வேண்டாம் சித்தப்பா, பார்த்துவிடலாம். அக்கா, சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறது?

மாலதி: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3, 15 வோல்ட் 3, கடைசியில் 20 வோல்ட் 3.25.

அருண்: கடைசியில் இருப்பதுதான் உச்சம். 20-ஐ 3.25-ஆல் பெருக்கினால் 65 வாட். ஹப் அதில் தனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டு, மிச்சம்தான் கிடைக்கும் என்று லேப்டாப்பிடம் சொல்லும். மானிட்டருக்குப் படம் அனுப்பும் சிப், உன் ஹார்ட் டிஸ்க், மவுஸ் எல்லாம் ஹப்பின் பங்கில்தான் ஓட வேண்டும். பல ஹப்புகள் 10, 15 வாட் வரை பிடித்துக்கொள்ளும். ஆக உனக்குப் போய்ச் சேருவது 50 வாட் சொச்சம். அதனால்தான் அந்தச் செய்தி. ஹப் நன்றாகத்தான் இருக்கிறது.

நித்யா: இப்படியே ஓட்டினால் பேட்டரி கெட்டுவிடாதா அண்ணா?

அருண்: கெடாது. மெதுவாக ஏறும். வீடியோ எடிட்டிங் மாதிரி பெரிய வேலை கொடுத்தால், சார்ஜர் செருகியிருக்கும்போதே சதவீதம் இறங்கும். வேலை குறைந்ததும் மறுபடி ஏறும்.

மாலதி: இவருடைய 100 வாட் சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா? 65 வாட் லேப்டாப்பில் 100 போட்டால் போர்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

சித்தப்பா: நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.

அருண்: தாராளமாகப் போடலாம் அக்கா. 100 வாட் என்பது சார்ஜரால் தர முடிந்த அளவு. எவ்வளவு எடுப்பது என்பதை லேப்டாப்தான் முடிவு செய்யும். டைப்-சியில் செருகியதும் வருவது 5 வோல்ட் மட்டுமே. பிறகு சார்ஜர் 'என்னிடம் 9, 15, 20 இருக்கிறது' என்று சொல்லும், லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்கும், இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகுதான் வோல்டேஜ் ஏறும். ஹப் இருந்தால் அது நடுவில் நின்று இந்தப் பேச்சை நடத்தும். சார்ஜர் வாங்கும்போது பெரிதாக வாங்குவதே நல்லது என்பேன்.

சித்தப்பா: அந்தக் காலத்தில் சார்ஜர் மாறினால் லேப்டாப் போய்விடும் என்பார்களே?

அருண்: உருண்டை முனை சார்ஜருக்கு அது இப்போதும் உண்மை சித்தப்பா. அதில் வோல்டேஜைப் பேசி முடிவு செய்யும் வழியே கிடையாது. 19 வோல்ட் என்றால் செருகிய நொடியிலேயே 19 வோல்ட். அங்கே வோல்டேஜும் முனையின் பிளஸ், மைனஸும் சரியாகப் பொருந்தியே ஆக வேண்டும்.

ராணி அத்தை: கேபிள் எதுவானாலும் சரியா அருண்? எங்கள் வீட்டில் போன் கேபிளைத்தான் எல்லாவற்றுக்கும் போடுகிறோம்.

அருண்: நல்ல வேளை கேட்டீர்கள் அத்தை. நான் அதிகம் கவலைப்படுவது கேபிளைப் பற்றித்தான். இரு முனையும் டைப்-சியாக இருக்கும் சாதாரண சி-டு-சி கேபிளில் 3 ஆம்பியர்தான் போகும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிள் முனைக்குள் 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சொல்கிற ஒரு சிப் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 100 வாட் சார்ஜரும் 60-உடன் நின்றுவிடும். ஒழுங்காகச் செய்த கேபிள் என்றால் நஷ்டம் வேகம் மட்டும்தான்.

அருண்: மட்டமான கேபிள் என்றால் கதையே வேறு. 2016-இல் பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர், கடைகளில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து வந்தார். அதில் ஒன்றில் மின்சாரம் போகும் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் இடம் மாறியிருந்தன. செருகியதும் அவருடைய லேப்டாப்பே பழுதாகிவிட்டது. கம்பியே மாறியிருந்தால் சார்ஜரும் லேப்டாப்பும் பேசிக்கொள்வதெல்லாம் உதவாது. அதனால் பெயர் தெரியாத கேபிள் வேண்டவே வேண்டாம்.

மாலதி: சரி, அந்தச் சார்ஜரோடு வந்த கேபிளையே போடுகிறேன். இப்போதே மாற்றிவிடட்டுமா?

அருண்: கொஞ்சம் பொறு! ஹார்ட் டிஸ்கில் ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்கினால் ஹப் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் டிஸ்க் துண்டிக்கப்பட்டால் கோப்பு பாழாகலாம். முதலில் டிஸ்கை எஜெக்ட் செய், அப்புறம் சார்ஜரை மாற்று.

நித்யா: அதனால்தானா! என் சார்ஜரில் மூன்று போர்ட் இருக்கிறது. போனைச் செருகினால் லேப்டாப்பில் சார்ஜ் ஒரு நொடி நின்று மறுபடி வருகிறது.

அருண்: அதேதான். இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டுமே, அதனால் புதிதாகப் பேச ஆரம்பிக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

மாலதி: மாற்றிவிட்டேன். செய்தி வரவில்லை! ஹப்பில் இரண்டு டைப்-சி ஓட்டை இருந்தது, 'பிடி' என்று போட்டதில்தான் செருகியிருக்கிறேன். ஆனால் ஹப் சுடுகிறது.

அருண்: 'பிடி'தான் சரி. 'பவர் டெலிவரி' என்பதன் சுருக்கம் அது, சார்ஜர் செருகும் ஓட்டை. மற்றது பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும் இருக்கும். வெதுவெதுப்பு சகஜம்தான், உள்ளே இருக்கும் சூடு உலோக உறை வழியாக வெளியே வருகிறது. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாசனை, முனை நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்று. மெத்தை, தலையணை மேல் வைக்காதே. லேப்டாப்பின் சூடான காற்று வெளியே வரும் பக்கமும் வேண்டாம்.

சித்தப்பா: என் பழைய லேப்டாப்புக்கும் இந்த மாதிரி ஒரு ஹப் வாங்கிச் சார்ஜ் போடலாமா? உருண்டை முனைதான்.

அருண்: உங்களுடையதில் டைப்-சி போர்ட்டே இல்லையே சித்தப்பா. சி-யிலிருந்து உருண்டை முனைக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது, ஆனால் அதில் வோல்டேஜைக் கேட்பது கேபிளுக்குள் இருக்கும் சிறு போர்டு. அது தப்பாகக் கேட்டால் அடி உங்கள் லேப்டாப்புக்குத்தான். சார்ஜரை இப்போது மாதிரி நேராகவே போடுங்கள். மவுஸ், பென்டிரைவ் செருக இடம் போதவில்லையென்றால் சாதாரண யுஎஸ்பி ஹப் போதும்.

சித்தப்பா: சரிப்பா, அது போதும்.