கம்பேனியனுக்குக் கவசம் மாட்டினா உடம்பே காணோம் – அவசர உதவி

பொம்மனஹள்ளி_வாசி:
வணக்கம் மக்களே. கேம்ல கூட வர்ற கம்பேனியனுக்குப் போட நிஜ பிளேட் கேரியர் (குண்டு தாங்கற தகடு வெக்கற உடுப்பு) மாதிரி ஒரு கவசம் செஞ்சிருக்கேன். உள்ள சட்டை, மேல கேரியர், முன்னாடி பின்னாடி தகடு, எல்லாம் ஒரே மெஷ் (3டி வடிவ ஃபைல்). என் கேரக்டருக்குப் போட்டா நல்லா உக்காருது. கம்பேனியனுக்குக் குடுத்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, தலையும் கையும் மட்டும் அந்தரத்துல நிக்குது. கழட்டினா உடம்பு திரும்ப வந்துடுது. ஞாயித்துக்கிழமை குழு ஸ்ட்ரீம்ல காட்டணும். கேப் வண்டி வந்துடுச்சு, ராத்திரி வந்து பாக்கறேன்.

ஆணிவேர்:
எந்த கேம்? எந்த கம்பேனியன்? எந்த டூல்ல செஞ்சீங்க? ஃபைல் எல்லாம் தனித்தனியா லூஸா கிடக்கா, ஒரே ஆர்க்கைவ்ல கட்டியிருக்கா? இது தெரியாம யார் பதில் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

மெஷ்_மாரி:
அறிகுறியைப் பாத்தா ஃபால்அவுட் 4. அதுல உடம்போட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்லாட் எண் உண்டு: தலை 32-வது ஸ்லாட், உடம்பு 33, இடது கை 34, வலது கை 35. கவசம் 33-ஐப் பிடிச்சா வெறும் உடம்பை கேம் வரையாது, கவசத்தோட மெஷ்ஷை மட்டும்தான் வரையும். அந்த மெஷ் ஏறலைன்னா நீங்க சொன்ன மாதிரிதான் தெரியும்: தலை இருக்கும், கை இருக்கும், நடுவுல வெறும் காத்து. அதனால 33-ல டிக் இருக்குங்கறது உறுதி. மெஷ் ஏன் ஏறலைங்கறதுதான் கேள்வி.

தூசிப்புயல்:
இது ஐஎன்ஐ (கேமோட அமைப்பு ஃபைல்) பிரச்சனை, சந்தேகமே வேண்டாம். ஃபால்அவுட்4கஸ்டம் ஐஎன்ஐ-யைத் திற. ஆர்க்கைவ் பகுதியில இன்வேலிடேட் ஓல்டர் ஃபைல்ஸ் 1-ன்னு இருக்கணும். ரிசோர்ஸ் டேட்டா டிர்ஸ் ஃபைனல்னு இன்னொரு வரி, சமக்குறிக்கு அப்புறம் காலியா இருக்கணும். இந்த ரெண்டும் இல்லைன்னா லூஸ் ஃபைலை கேம் திரும்பிக்கூடப் பாக்காது. இன்னொண்ணு, 2024 ஏப்ரல் அப்டேட்டுக்கு அப்புறம் வந்த கிரியேஷன் கிட்ல (கேம் கம்பெனியோட டூல்) பிஏ2 ஆர்க்கைவ் பண்ணியிருந்தா, பழைய 1.10.163 பதிப்பால அதைப் படிக்க முடியாது. எந்தப் பதிப்புல ஓட்டற?

மெஷ்_மாரி:
@தூசிப்புயல் ஐஎன்ஐ சரியில்லைன்னா அவர் கேரக்டருக்கும் வந்திருக்கக் கூடாதே. அதே ஃபைல்தானே?

தூசிப்புயல்:
சேவ்ல பழசு ஒட்டிட்டு இருக்கலாம். மொதல்ல ஐஎன்ஐ பாக்கட்டும்.

ஹலசூர்_பெரியவர்:
தம்பி, கேள்வி கேட்பதற்கு முன் எஃப்ஓ4எடிட்டில் (கேம் தரவைத் திருத்தும் டூல்) உங்கள் ஆர்மா ரெக்கார்டை ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்களா? இந்தக் குழுவில் இதே கேள்விக்கு நான் பலருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மேலே ஒட்டி வைத்த பதிவைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆர்மோ என்பது பொருள்: பெயர், எடை, தடுப்பு எண் எல்லாம் அதில். ஆர்மா என்பது அந்தப் பொருளை யார் உடம்பில் எப்படி வரைவது என்ற குறிப்பு. அதில் ரேஸ் (இனம்) என்ற இடத்தில் ஹியூமன்ரேஸ் மட்டும் இருந்தால் மனிதருக்கு மட்டும்தான் வரையும். அடிப்படை இது.

நிலாக்கரை:
பெரியவர் சொல்ற ரேஸ் விஷயம் சரிதான். ஆனா பைப்பர், கெய்ட், மெக்ரெடி, டீகன், டான்ஸ், பிரெஸ்டன்னு இந்தக் கம்பேனியன் எல்லாம் ஹியூமன்ரேஸ்தானே? அவங்களுக்கு மாட்டியிருந்தா இந்த விளக்கம் பொருந்தாது. யாருக்கு மாட்டினார்னு அவரே சொல்லணும்.

ரப்பர்_தகடு:
எனக்கும் உதவி வேணும். என்னுது மறையல, ஆனா கெய்ட் குனிஞ்சா மார்புத் தகடு ரப்பர் மாதிரி இழுபடுது. தகடுன்னா வளையவே கூடாதே?

மெஷ்_மாரி:
@ரப்பர்_தகடு உங்களுது போன் வெயிட் பிரச்சனை, அதாவது மெஷ்ஷோட எந்தப் புள்ளி எந்த எலும்போட எவ்வளவு நகரணும்ங்கற கணக்கு. அவுட்ஃபிட் ஸ்டுடியோவுல (உடுப்பு மெஷ் திருத்தற டூல்) ரெஃபரன்ஸ் உடம்புலேருந்து காப்பி போன் வெயிட்ஸ் குடுத்திருப்பீங்க. அது துணிக்கு ஏத்த வேலை. தகட்டோட ஒவ்வொரு புள்ளிக்கும் அதிகபட்சம் நாலு எலும்பு. ஸ்பைன்2 ஸ்கின், செஸ்ட் ஸ்கின், ரெண்டு பக்க பிரெஸ்ட் ஸ்கின்னு பங்கு பிரிஞ்சு ஒட்டியிருக்கும். அவ குனியும்போது ஒவ்வொரு எலும்பும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

செய்ய வேண்டியது: தகட்டைச் சட்டையிலேருந்து தனி ஷேப்பா பிரிங்க. தகட்டை மட்டும் தேர்ந்தெடுத்து போன்ஸ் டேப்ல செஸ்ட் தவிர மத்த எல்லா எலும்பையும் நீக்குங்க. செஸ்ட் வெயிட்டை எல்லாப் புள்ளிக்கும் 1.0 நிரப்புங்க. செஸ்ட் ஸ்கின் வேண்டாம், வெறும் செஸ்ட்தான். ஸ்கின் எலும்புகள் ஒல்லி, கட்டுமஸ்து, பருமன் அமைப்புக்கு ஏத்தபடி பெருகும், சுருங்கும். தகடும் கூடவே பெருகிடும். தோள்பட்டி மட்டும் கலப்பா இருக்கட்டும்: நெஞ்சுப் பக்க முனை முழுக்க செஸ்ட், தோள் உச்சிக்குப் போகப் போக காலர்போனுக்குப் பாதி வரைக்கும். இல்லைன்னா துப்பாக்கியைத் தூக்கி குறி வைக்கும்போது தோள் பட்டியைத் துளைச்சுக்கிட்டு வெளிய வரும். கான்ஃபார்ம் ஆல் அமுக்காதீங்க, தகட்டையும் சேத்து உடம்பு அளவை மாத்தற ஸ்லைடருக்கு வளைச்சிடும். தகட்டுக்கு அடியில மறையற சட்டைப் பகுதியை அழிச்சிட்டா உள்ளிருந்து துருத்தறதும் நிக்கும்.

கேடயம்77:
அதோட தகடு உக்காரற இடத்தையும் பாருங்க. பெரும்பாலான மாட்ல (கேமுக்கு ரசிகர்கள் செய்யற சேர்க்கை) தகடு தொப்புளை மூடிட்டு நிக்குது. நிஜத்துல மேல் விளிம்பு கழுத்தெலும்புக் குழிக்கு நேரா வரணும், ஏன்னா அது காக்கறது இதயம், பெரிய ரத்தக்குழாய், நுரையீரல். வயிறு பெரும்பாலும் வெளியதான் இருக்கும். அளவு: ராணுவ மீடியம் தகடு 9.5 × 12.5 அங்குலம், அதாவது 24 × 32 செ.மீ. சுமார். மேல ரெண்டு மூலையும் வெட்டியிருக்கும், துப்பாக்கிக் கட்டை தோள்ல பதிய இடம் வேணும்ல.

ரப்பர்_தகடு:
நன்றி, பிரிச்சுப் பாக்கறேன். கெய்ட்டுக்கு நான் மார்பு வடிவத்துக்கு ஒட்டின தகடு வெச்சிருக்கேன். அது அப்படியே இருக்கலாமா?

நிலாக்கரை:
தயவுசெஞ்சு வேண்டாம். ரெண்டு குவிவு, நடுவுல பள்ளம்னா படற குண்டும் சிதறலும் ரெண்டு சரிவுலேருந்தும் நடு நெஞ்செலும்புக்குத்தான் வழுக்கி வரும். காக்க வேண்டிய இடத்துக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக் குடுத்த மாதிரி. அமெரிக்க ராணுவம் பெண் வீரர்களுக்கான உடுப்பை 2012-ல சோதனைக்குக் கொண்டு வந்தப்போ தோளைக் குறுக்கினாங்க, நீளத்தைக் குறைச்சாங்க, மென்கவசத்துல மார்புக்கு மடிப்பு வெச்சாங்க. கடினத் தகட்டுக்கு மார்பு வடிவம் குடுக்கல.

தூசிப்புயல்:
கேம்தானே, யார் என்ன போட்டா என்ன. அழகா இருக்கணும்.

நிலாக்கரை:
அழகுக்கு ஆயிரம் மாட் இருக்கு. இவங்க கேட்டது நிஜமான கவசம். மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்துல, 2007-ல, கூட வர்ற எல்லாரும் மூடின கவசம் போட்டாங்க. 2010-ல வந்த ரெண்டாம் பாகத்துல மிராண்டாவும் ஜாக்கும் காத்தே இல்லாத இடத்துக்கு மூச்சு முகமூடி மட்டும் மாட்டிட்டு வர்றாங்க. அதைப் பாத்து வெறுத்துப்போய்தான் நிறையப் பேர் கம்பேனியன் கவசம் செய்யவே வந்தோம்.

கேடயம்77:
நிலாக்கரை சொல்றதுல ஒரு திருத்தம். தட்டையான தகடும் பெண் உடம்புல சரியா உக்காராது. கீழ் விளிம்பு முன்னாடி தூக்கிக்கும், இடைவெளி விழும். அதனால பல வளைவுத் தகடு வெக்கலாம். பக்கவாட்டிலும் மேல் கீழாவும் மென்மையா வளைஞ்ச ஒரே பரப்பு, நடுவுல பள்ளம் கிடையாது. மெஷ்ல சொன்னா தகட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல மேல குறைவா, கீழ கொஞ்சம் அதிகமா இடைவெளி விட்டு, அந்த இடத்தைக் கேரியரோட பஞ்சுப் பட்டையால நிரப்புங்க.

நிலாக்கரை:
பல வளைவுக்கு நான் எதிரி இல்ல அண்ணா. பள்ளம் மட்டும்தான் வேண்டாம்னேன்.

பொம்மனஹள்ளி_வாசி:
ஃபால்அவுட் 4தான். எஃப்ஓ4எடிட், அவுட்ஃபிட் ஸ்டுடியோ. லூஸ் ஃபைல். ஐஎன்ஐ-யில அந்த ரெண்டு வரியும் இருக்கு. இன்னும் வரலை.

ஆணிவேர்:
யாருக்கு மாட்டறீங்க???

ஹலசூர்_பெரியவர்:
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நான் சொன்ன ஆர்மாவைப் பார்த்தீர்களா இல்லையா?

தூசிப்புயல்:
அப்ப டெக்ஸ்சர் பாதை தப்பா இருக்கும். மெட்டீரியல் ஃபைலைத் திறந்து பாரு.

மெஷ்_மாரி:
டெக்ஸ்சர் கிடைக்கலைன்னா கவசம் பளீர்னு ஊதா நிறத்துல தெரியும், மறையாது. தரையில போட்டா சிவப்பு ஆச்சரியக்குறி வந்தா மட்டும் தரை மெஷ் பாதையைச் சந்தேகப்படலாம். இங்க அது ரெண்டும் இல்ல.

கேடயம்77:
அவர் வர்ற வரைக்கும் தடுப்பு எண் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நிஜத்தன்மை கெடறது அங்கதான். பலர் நல்ல தகடுன்னு 1000 போட்டுடறாங்க. ஃபால்அவுட் 4 கணக்கு இது: அடியை 0.15-ஆல பெருக்கி, தடுப்பு எண்ணால வகுத்து, வந்ததை 0.365 அடுக்குக்கு உயர்த்தணும். அந்தப் பங்கு அடிதான் உடம்புல இறங்கும், உச்சம் 0.99. 50 அடி வருதுன்னு வெச்சுக்குங்க. தடுப்பு 100-ன்னா 19 இறங்கும். 200-ன்னா 15. 1000 போட்டாலும் 8 இறங்கும். எண்ணை இரட்டிச்சா அடி பாதியாகாது, 22 சதவீதம்தான் குறையும். அதனால கைத்துப்பாக்கியை மட்டும் தாங்கற மென்கவசத்துக்கும் ரைஃபிள் தகட்டுக்கும் நடுவுல நாலு மடங்காவது வித்தியாசம் வெச்சாத்தான் விளையாடும்போது உணர முடியும். மென்கவசத்துக்கு 40, தகட்டோட சேத்து 160ன்னு ஆரம்பிங்க.

எடையையும் விட்டுடாதீங்க. கான்பூர்ல இருக்கற டிஆர்டிஓ ஆய்வகம் டிஎம்எஸ்ஆர்டிஇ 2024-ல அறிவிச்ச கவசம், குண்டு துளைக்காத உடுப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17051-ல 6-ம் நிலை. மென்கவசத்தோட சேத்துப் போடற தகட்டுக்கு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறைவு. மீடியம் தகட்டுப் பரப்பு மூலை போக சுமார் 0.07 சதுர மீட்டர், அப்ப ஒரு தகடு 2.8 கிலோவுக்குள்ள. முன்னும் பின்னும் சேத்தா ஐந்தரை. துணி, பட்டி, மென்கவசம் எல்லாம் தனி. கம்பேனியன் தூக்கற எடைக்கும் வரம்பு இருக்கு. இறகு மாதிரி 1 எடை போட்டுட்டு நிஜக் கவசம்னு பேர் வெக்காதீங்க.

தூசிப்புயல்:
கம்பேனியன் எப்படியும் சாகமாட்டாங்க, மண்டி போட்டு உக்காந்து எழுந்துடுவாங்க. எண் எதுக்கு?

கேடயம்77:
மண்டி போட்ட நேரம் பூரா எதிரி உங்களைத்தான் சுடுவான். அதுக்கு.

பொம்மனஹள்ளி_வாசி:
ஹான்காக்குக்கு. சொன்னேன்னு நெனச்சேன்.

மெஷ்_மாரி:
ஹான்காக் கூல், அதாவது கதிர்வீச்சுல உருமாறின மனுஷன். அவருக்கு கூல்ரேஸ். பெரியவர் சொன்னதுதான் விடை.

1. எஃப்ஓ4எடிட்ல உங்க பிளகினை (கவசத்தோட தரவு ஃபைல்) ஏத்தி ஆர்மாவைத் திறங்க.
2. வழக்கமான காம்பட் ஆர்மரோட ஆர்மாவையும் திறந்து அடிஷனல் ரேஸஸ் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்க.
3. உங்க ஆர்மாவுல அடிஷனல் ரேஸஸ்ல வலது கிளிக், ஆட், கூல்ரேஸ்.
4. சின்த் (செயற்கை மனுஷன்) கம்பேனியன் நிக் வேலன்டைனுக்கும் வேணும்னா சின்த்ஜென்2ரேஸ்வேலன்டைன்னு தனியா ஒண்ணு சேக்கணும், கூல்ரேஸ் அவருக்கு உதவாது.

சேவ் பண்ணிட்டு, கவசத்தைத் திருப்பி வாங்கி, மறுபடி குடுத்து, டிரேட் திரையில மாட்டறதுக்கான டி (T) விசையை அமுக்குங்க.

பொம்மனஹள்ளி_வாசி:
சேத்தாச்சு. இன்னும் அதேதான்.

நிலாக்கரை:
உங்க கேரக்டர் ஆணா பெண்ணா?

பொம்மனஹள்ளி_வாசி:
பெண்.

நிலாக்கரை:
அப்ப ரெண்டாவது காரணம் அதுதான். ஆர்மாவுல ஆண் மாடல், பெண் மாடல்னு தனித்தனி இடம் இருக்கு. நீங்க பெண் மெஷ் பாதையை மட்டும் நிரப்பியிருப்பீங்க. ஆண் இடம் காலியா இருந்தா ரேஸ் சரியா இருந்தாலும் வரைய மெஷ்ஷே கிடையாது. பெண் பாதையையே அங்க ஒட்டினா ஏதோ தெரியும், ஆனா கழுத்து விளிம்பும் மணிக்கட்டும் சேராது, இடைவெளி வரும். அவுட்ஃபிட் ஸ்டுடியோவுல ஆண் உடம்பை ரெஃபரன்ஸா ஏத்தி, சட்டையை அதுக்கு ஏத்தபடி சரி பண்ணி, சட்டைக்கு மட்டும் வெயிட் காப்பி பண்ணி வேற பேர்ல சேமிங்க. தகட்டை அளவு மாத்தாம தூக்கி வெச்சா போதும், மீடியம் தகடு யாருக்குப் போட்டாலும் ஒரே அளவுதான். ஃபர்ஸ்ட் பெர்சன் மாடல் கம்பேனியனுக்குத் தேவையில்லை, அந்த இடத்துல நேரம் செலவழிக்காதீங்க.

ஹலசூர்_பெரியவர்:
இதுவும் ஒட்டி வைத்த பதிவில் இருக்கிறது.

ஆணிவேர்:
ஐயா, அந்தப் பதிவுல ரேஸ் மட்டும்தான் இருக்கு. ஆண், பெண் மாடல் பத்தி ஒரு வரி சேத்துடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

ரப்பர்_தகடு:
செஸ்ட் 1.0 வேலை செய்யுது, குனிஞ்சாலும் தகடு அசையல. ஆனா உக்காரும்போது கீழ் விளிம்பு தொடைக்குள்ள போகுது.

கேடயம்77:
தகடு இன்னும் கீழதான் இருக்கு. கழுத்துக்குழி வரைக்கும் ஏத்துங்க.

பொம்மனஹள்ளி_வாசி:
வந்துடுச்சு. ரேஸ் + ஆண் மெஷ் ரெண்டும். நன்றி எல்லாருக்கும்.

மெஷ்_மாரி:
அருமை. 33-ஓட சேத்து 41-லயும் டிக் இருக்கான்னு பாருங்க. 41 தான் மேல போடற நெஞ்சுக் கவச ஸ்லாட். அதைப் பிடிக்கலைன்னா ஹான்காக் உங்க தகட்டு மேலயே இன்னொரு காம்பட் ஆர்மரை மாட்டிப்பார், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு துருத்தும்.

தூசிப்புயல்:
எந்தப் பதிப்புல ஓட்டறன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே?