வால்வு ஏற்றுமதிக்கு எதற்கு வக்கீல்?

"ஏனுங்க சார், நாங்க என்ன துப்பாக்கியா விக்கறோம்? வால்வுதானுங்களே!"

கோவையில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பார்க்கிற எந்த வக்கீலும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டியூட்டி டிராபேக், அதாவது ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கிற வரி, என்றால் உட்கார்ந்து பேசுகிற முதலாளிகள், ஸ்கோமெட் என்றதும் முகம் சுளிப்பார்கள். சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதம் செய்யவும் உதவக்கூடிய பொருள்களின் பட்டியல் அது. அதில் இருந்தால் டெல்லியில் டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அனுமதி கொடுத்தால்தான் கப்பல் ஏற்றலாம். அமிலம் அரிக்காத வால்வும் பம்பும் அதில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஈராக். 1980-களில் சதாம் உசேன் அரசு வெளிநாட்டு ரசாயனங்களையும் சாதனங்களையும் வாங்கித்தான் விஷவாயு தயாரித்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று 1985-ல் சில நாடுகள் கூடி, இந்த மாதிரிப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியா குரூப்பைத் தொடங்கின. இந்தியா சேர்ந்தது 2018 ஜனவரியில்.

என்னிடம் வந்தது ஒரு குடும்பக் கம்பெனி. துபாய் டிரேடர் ஒருவரின் ஆர்டர், 2 இன்ச் வால்வுகள், பாடி சிஎன்7எம் காஸ்டிங், அதாவது நம் ஆட்கள் அலாய் 20 என்பார்களே, அது. திரவம் படுகிற பரப்பெல்லாம் நிக்கல் 25 சதவீதத்துக்கு மேலும் குரோமியம் 20 சதவீதத்துக்கு மேலும் உள்ள கலப்பு உலோகம், அளவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வால்வு பட்டியலுக்குள் வரும். சிக்கல் என்னவென்றால் சிஎன்7எம்-இல் நிக்கல் எப்படியும் 27-ஐத் தாண்டும். குரோமியம் மட்டும் 19-லிருந்து 22 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். டெஸ்ட் சர்டிபிகேட்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தோம். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு முறை உருக்கிய உலோகத்தில், குரோமியம் 19.6, அடுத்த ஹீட்டில் 20.7. ஒரே பேட்டர்ன், ஒரே பெயின்ட், ஒரே பெட்டி.

"அப்ப பாதிக்கு பர்மிஷன் வேணும், பாதிக்கு வேண்டாங்களா?" என்றார் முதலாளி. சட்டப்படி அப்படித்தான். ஃபவுண்டரி மேனேஜர் உடனே, "அடுத்த மெல்ட்ல குரோமை பத்தொம்பதரைல நிறுத்திடலாமுங்களா?" என்றார். நிறுத்தலாம், ஸ்பெக்குக்குள்தான் இருக்கிறது. ஆனால் ரசாயன ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் பட்டியலில் இல்லாத பொருளும் குற்றம்தான். 2005-ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆக, வாங்குகிறவர் யார் என்ற கேள்வி பாக்கி.

அங்கேதான் இடித்தது. இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழில் டிரேடரே கையெழுத்துப் போட்டிருந்தார்; பயன்பாடு "பல்வேறு தொழில்கள்". அவர் கொடுத்திருந்த துபாய் ஜெபல் அலி துறைமுகப் பகுதி முகவரியைத் தேடினால் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் ஆபீஸ். பேரம் பேசவில்லை, முழுப் பணமும் அட்வான்ஸ், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம். இதில் ஒன்றிரண்டு தனியாக இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். வால்வு எந்த ஆலையில் மாட்டப்போகிறது என்று பெயர் கேட்டோம். பார்ட்டி பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்.

முதலாளிக்குக் கோபம். அவருக்கு ஃபிரான்ஸ் வான் அன்ராட் கதையைச் சொன்னேன். நெதர்லாந்து வியாபாரி. ஈராக்குக்கு தயோடைகிளைகால் விற்றவர். அது சாயப்பட்டறையிலும் பயன்படும், மஸ்டர்ட் வாயு செய்யவும் பயன்படும். துணித் தொழிலுக்கு என்று நினைத்தேன் என்றார்; ஹேக் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005-ல் போர்க்குற்றத்துக்குத் துணைபோனதாக 15 ஆண்டு சிறை. அப்பீல் போனார், 17 ஆக்கினார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அவருக்கு நல்ல வக்கீல் கிடைக்கலீங்களா?" என்றார்.

பதில் 1

நான் இதே தொழிலில் ஏற்றுமதி டாக்குமென்ட் பார்க்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, சார். வாங்குகிறவர்கள் ஊரறிந்த பெரிய கெமிக்கல் கம்பெனி. ஆனால் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழில், தேவைப்பட்டால் இந்திய அரசு ஆலைக்கே வந்து சரிபார்க்கலாம் என்ற வரியைப் பார்த்ததும் அவர்களுடைய லீகல் டிபார்ட்மென்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. எங்கள் எம்.டி. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டார். எங்கள் வக்கீல் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. வீடியோ காலில் அவர்களுடைய வக்கீலோடு நேரடியாகப் பேசி, இது எங்கள் கம்பெனி சொந்தமாகப் போட்ட நிபந்தனை இல்லை, அரசு கொடுத்த படிவம் என்று புரியவைத்தார். அப்புறம்தான் கையெழுத்து வந்தது. ஃபீஸ் அதிகம்தான், ஆனால் அந்த ஒரு காலுக்கே சரியாகப் போயிற்று.

பதில் 2

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை. எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண், சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிற பார்ட்டிகள்தான் எனக்குத் தலைவலி. 8481 என்றால் வீட்டுக் குளியலறைக் குழாயும் அதுதான், மேலே சார் சொன்ன வால்வும் அதுதான். ஸ்கோமெட்டா இல்லையா என்று கோடு சொல்லாது. அதனால் கெமிக்கல் வால்வு என்றால் பேக்கிங் லிஸ்ட்டோடு டெஸ்ட் சர்டிபிகேட்டும் கேட்டு வாங்குகிறேன். அதில் ஹீட் நம்பர் இல்லை என்றால் ஷிப்பிங் பில் ஃபைல் பண்ணுவதில்லை. திட்டுகிறார்கள், திட்டட்டும்.