தாத்தா முகத்தில் பச்சைக் கோடுகள்

குழு: ஆசிரியர் வீடு, மன்னார்குடி

வெள்ளி, மாலை 6:10

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை படத்திறப்புக்கு வைக்க வேண்டிய தாத்தா படத்தை வீட்டுப் பிரிண்டரிலேயே எடுத்துப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் குறுக்குக் கோடுகள் விழுகின்றன. முகம் பச்சை பாய்ந்து கிடக்கிறது. ஸ்டுடியோவில் போட்டுத் தந்த படத்தில் தாத்தாவை மாப்பிள்ளைபோல் வெளுக்க வைத்து, மூக்கோரத்து மருவையும் அழித்துவிட்டதால் அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விஜயா: மரு இல்லாமல் அப்பாவா!

கண்ணன்: வேறு ஸ்டுடியோ பார்.

இளங்கோ: 🎤 குரல் செய்தி (2:41)

ராமநாதன்: மாப்பிள்ளை, குரல் செய்தி வேண்டாம். இந்தக் குழுவில் ஒற்றுப் பிழையின்றி எழுத்தில்தான் பேச வேண்டும் என்பது அப்பா வைத்த விதி. வருடத் திதி முடியும்வரையாவது அதைக் காப்போம். செந்தில், கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் சொல். பிரிண்டரில் மை தெளிக்கும் ஹெட் இடமும் வலமுமாக ஓடும், தாள் அதற்குக் குறுக்கே நகரும். ஆகையால் ஹெட் ஓடும் திசையிலேயே கோடு விழுந்தால் ஏதோ சில துளைகளில் மை வரவில்லை என்று பொருள். படத்திலுள்ள நேர்க்கோடுகள் நெளிந்தோ இரட்டையாகவோ தெரிந்தால் அது அடைப்பன்று. ஹெட்டை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் செய்ய வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ பிரிண்டர்மேல் பழி போடாதே, படத்திலேயே கோளாறு.

செந்தில்: ஹெட் ஓடும் திசைதான், பெரியப்பா. ஆனால் காதோரம் உற்றுப் பார்த்தால் கட்டம் கட்டமாகவும் இருக்கிறது.

கண்ணன்: ஆக, இரண்டும்.

மீனா: அண்ணா, 2009-இல் அத்தை மகள் திருமணத்தில் நான் எடுத்த படத்தை இந்தக் குழுவிலிருந்தே இறக்கிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அதில் நான்கு பேரை வெட்டித் தள்ளித் தாத்தாவை மட்டும் எடுத்தால் அகலத்துக்கு 500-கூடத் தேறாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 8×10 படத்துக்கு 2400×3000 வேண்டும். என் ஹார்டுடிஸ்கில் உள்ள மூலப்படத்திலேயே தாத்தாவின் பங்கு 1400 பிக்சல் அகலந்தான். இருந்தாலும் அங்குலத்துக்கு 175 நிற்கும், நான்கடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது போதும். டாக்குமென்டாக அனுப்புகிறேன், அப்படி அனுப்பினால் சுருங்காது.

விஜயா: அந்தப் படத்தில் அப்பாவின் தோளில் ஒரு கை இருக்கிறதே, அது யாருடையது?

கண்ணன்: என்னுடையது. என்னை வெட்டிவிட்டுக் கையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

சுந்தரம்: வழக்கந்தானே.

கண்ணன்: இதற்கு என்ன பொருள், அண்ணா?

ராமநாதன்: வீட்டுப் பேச்சு பதினாறுக்குப் பிறகு. செந்தில், மைத்துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் எடு.

மாலை 6:55

செந்தில்: எடுத்தேன். ஆறு மைக்கும் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டுப்போல் இறங்குகின்றன. ஐந்தில் படி முழுதாக இருக்கிறது. லைட் மெஜந்தா (வெளிர் இளஞ்சிவப்பு) கட்டத்தில் மட்டும் ஏழெட்டுப் படிகளைக் காணவில்லை.

ராமநாதன்: நோய் அகப்பட்டது. மெஜந்தா குறைந்தால் பச்சை தூக்கும். சயான் என்ற பச்சைநீலம் குறைந்தால் சிவப்பும், மஞ்சள் குறைந்தால் நீலமும் தூக்கும். நான்கு மைப் பிரிண்டராக இருந்திருந்தால் படம் முழுவதுமே கெட்டிருக்கும். ஆறு மைப் பிரிண்டரில் முகம்போன்ற வெளிர்ந்த இடங்களுக்கு நீர்த்த மெஜந்தாவும் நீர்த்த சயானும் தனியே தெளிக்கப்படுகின்றன, ஏனென்றால் அடர்ந்த மையை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளித்தால் நெற்றியெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும். ஆகவே லைட் மெஜந்தா அடைபட்டால் முதல் அடி தோல்நிறத்துக்குத்தான். அப்பா துண்டின் கரையைப் பார், ஒன்றும் ஆகியிருக்காது.

செந்தில்: உண்மைதான். அரக்குக் கரையில் ஒரு கோடும் இல்லை.

விஜயா: அண்ணன் பாலிடெக்னிக்கில் இருந்து ஓய்வு பெறவே இல்லை.

ராமநாதன்: கடைசியாக எப்போது அச்செடுத்தாய்?

செந்தில்: யாழினியின் அரையாண்டு ப்ராஜெக்டுக்கு. அதற்குப் பிறகு தொடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவில் யாரோ சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள்.

கண்ணன்: யாரோ இல்லை, நான்தான். அப்பாவும் அணைப்பார். மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று உன் அப்பாவைக் கேள்.

சுந்தரம்: 🙏

ராமநாதன்: கண்ணா, அணைப்பது தவறில்லை, அணைக்கும் இடந்தான் தவறு. பிரிண்டரின் பொத்தானை அழுத்தினால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டு, அதன் பிறகே விளக்கு அணையும். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் அணைத்தால் ஹெட் நடுவழியில் நின்றுவிடும். மூடாத பேனா முனைபோல் துளைகள் காய்ந்துபோகும். செந்தில், ஒரு முறை ஹெட் கிளீனிங் கொடுத்து நாசில் செக் எடு. மூன்று முறைக்கு மேல் போகாதே. ஒவ்வொரு முறையும் எல்லா நிற மையிலும் கொஞ்சம் உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டும். மையும் போகும், பஞ்சும் நிறையும்.

இளங்கோ: சிரிஞ்சில் வெந்நீர் ஏற்றி அடைப்பை எடுக்கும் வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

ராமநாதன்: வேண்டாம், மாப்பிள்ளை. மை துளித்துளியாகத் தெறிக்க வேண்டிய துளையில் சிரிஞ்சின் அழுத்தம் பாய்ந்தால் உள்ளே என்ன கிழியும் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு நமக்கு வேறு பிரிண்டர் இல்லை.

இளங்கோ: சிங்கப்பூரில் எல்லோரும் செய்கிறார்கள்.

விஜயா: அவரை விடுங்கள். படத்தின் கீழே தோற்றம், மறைவு போட வேண்டுமே. தோற்றம் எந்தத் தேதி? பள்ளிச் சான்றிதழில் 1.6.1938. ஜாதகத்தில் 1937 ஐப்பசி.

கண்ணன்: ஜாதகம்.

ராமநாதன்: அரசு 1996-இல் ஓய்வு கொடுத்தது சான்றிதழ்ப்படி.

விஜயா: பெற்றது பாட்டி, அரசு இல்லை.

இரவு 8:20

செந்தில்: மூன்று முறை கிளீனிங் ஆயிற்று. முதல் முறையில் நான்கு படிகள் வந்தன, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு படிகள் குறைகின்றன.

ராமநாதன்: நிறுத்திவிடு. பொத்தானில் அணைத்துவிட்டுக் காலைவரை தொடாதே. பன்னிரண்டு மணி நேரம் சும்மா கிடந்தால் காய்ந்த மை ஊறும், உள்ளே போன காற்றுக்குமிழும் அடங்கும். தொடர்ந்து கிளீனிங் கொடுத்துக்கொண்டே போவது, விக்கலெடுப்பவனுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல்.

விஜயா: ஞாயிறு காலை பத்து மணிக்குப் படத்திறப்பு, அண்ணா.

ராமநாதன்: தெரியும். அச்செடுத்த படத்தை உடனே கண்ணாடிக்குள் போட்டால் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். ஒரு நாள் காற்றாட விட வேண்டும். நாளை காலை ஒன்பதுக்குள் எடுத்தால் சரியாக இருக்கும். கண்ணாடி இல்லாமல் வைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பூமாலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டால் இந்த மை கரைந்து ஓடும், சந்தனப் பொட்டும் கண்ணாடியின்மேல்தான் வைக்க வேண்டும்.

சனி, காலை 8:35

செந்தில்: நாசில் செக்கில் படிகள் முழுதாக வந்துவிட்டன. ஆனால் இப்போது தாத்தா முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது. மையும் காயாமல் வழுக்குகிறது.

மீனா: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். போட்டோ சாஃப்ட்வேரில் பேப்பருக்கான வண்ண ப்ரொஃபைலை, அதாவது வண்ணத் திருத்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளிலும் வண்ணத் திருத்தத்தை அப்படியே விட்டிருப்பாய். ஒரே சாம்பாருக்கு இரண்டு சமையல்காரர்கள் தனித்தனியே உப்புப் போட்ட கதை. டிரைவரில் உள்ளதை அணைத்துவிடு.

ராமநாதன்: சமையல்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது, அவருக்கு முன்பணம் யார் கொடுத்தது?

சுந்தரம்: நான்.

கண்ணன்: பாதி நான்.

ராமநாதன்: மை காயவில்லை என்றால் தாளைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். விரலை லேசாக நனைத்துத் தாளின் மூலையைத் தொட்டுப் பார். ஒட்டுகிற பக்கந்தான் மை ஏற்கும் பூச்சுள்ள பக்கம். டிரைவரில் பேப்பர் டைப் சாதாரணத் தாள் என்று இருந்தால் கிளாஸி என்று மாற்று. ஹைஸ்பீடையும் எடுத்துவிடு, போகும்போது மட்டும் தெளித்து வரும்போது சும்மா வந்தால் நேரமாகும், படம் சுத்தமாக வரும். பெரிய தாளில் கை வைக்கும் முன் 4×6 தாளில் ஒன்று எடுத்துப் பார்.

காலை 9:10

செந்தில்: வந்துவிட்டது. கோடு இல்லை, பச்சை இல்லை, சிவப்பும் இல்லை. மருவும் அதன்மேல் இருந்த ஒற்றை நரைமுடியும் தெரிகின்றன. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

விஜயா: அப்பா…

இளங்கோ: நன்று.

செந்தில்: ஒன்றுதான் பாக்கி. விளிம்பில்லா அச்சு கொடுத்தால் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். சித்தப்பாவின் கை போய்விடும். வெள்ளை விளிம்பு விட்டால் கை இருக்கும். எது வேண்டும்?

விஜயா: விளிம்பில்லாமல். தோளில் ஆளில்லாத கை எதற்கு?

கண்ணன்: கை இருக்கட்டும்.

சுந்தரம்: அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

ராமநாதன்: விளிம்பு விட்டால் தோற்றம், மறைவு எழுதவும் இடம் கிடைக்கும்.

விஜயா: எந்தத் தோற்றம்?

செந்தில்: பெரிய தாள் ஒன்றுதான் மிச்சம், லைட் மெஜந்தா மையும் தொட்டியின் அளவுக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நீங்கள் முடிவு சொல்லும்வரை பிரிண்டரை அணைத்து வைக்கிறேன்.

கண்ணன்: பொத்தானிலா, சுவரிலா?