டோக்கியோவில் தோழி வீட்டில் பத்து நாள்: ஊர் சுற்றுவது இல்லாமல் வேறு என்ன?

மலையோரம்:
நவம்பரில் போகிறேன். தோழி நகானோ பக்கம் சின்ன அபார்ட்மெண்டில் இருக்கிறாள். பகலில் அவள் ஆபீஸ் போய்விடுவாள், சாவி என் கையில். ஷிபுயா, அசகுசா பட்டியல் எல்லாம் இருக்கிறது, அது வேண்டாம். வீட்டில் குளிப்பது, சமைப்பது, தெருவுக்குப் போய் வருவது, இதில் எதை ரசிக்கலாம், எங்கே சொதப்பும்? முட்டை உண்டு, மீனும் கறியும் கிடையாது. அவளுக்கு ஒரு மிக்ஸி வாங்கிப் போகலாமா?

தொட்டித்தண்ணீர்:
மிக்ஸி வேண்டாம். அங்கே 100 வோல்ட், நம்மூர் மிக்ஸிக்கு 230. மோட்டார் முனகும், மாவு அரையாது. மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் மிக்ஸியை விடக் கனம். போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று இருந்தால், இரண்டு தட்டைக் கால் உள்ள அடாப்டர் மட்டும் போதும். புதுக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, கறி சேர்ந்த எதுவும் பெட்டியில் வேண்டாம், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பொடி வகைகளும் முறுக்கும் கொண்டுபோனால் அவள் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அந்த வீட்டில் பெரிய சுகம் என்றால் குளியல்தான். தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு எல்லாம் முடித்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். அது அழுக்கு போக்கும் தண்ணீர் இல்லை, ஊறும் தண்ணீர். வீட்டில் உள்ளவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதிலேயே இறங்குவார்கள்.

சுவரில் ஒரு பலகை இருக்கும். 41 டிகிரி வைத்து "ஜிதோ" (தானியங்கி) பொத்தானை அழுத்தினால் சுமார் 200 லிட்டர் நிரம்பி, தானே நின்று, இசை போட்டுக் கூப்பிடும். புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது அடைப்பானில்தான். அதை மூடாமல் அழுத்திவிட்டால் கால் மணி நேரம் வெந்நீர் சாக்கடைக்குப் போகும். நீளமான முடியென்றால் தூக்கிக் கட்டுங்கள். வெளியே வந்ததும் தொட்டியை மூடியால் மூடுங்கள், சூடு நிற்கும். அடைப்பானை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்! அவள் இன்னும் குளித்திருக்க மாட்டாள். மிச்சத் தண்ணீரைக் குழாய் வைத்து வாஷிங் மெஷினுக்கு இழுப்பவர்களும் உண்டு (துவைக்க மட்டும், கடைசி அலசலுக்கு அல்ல).

அரைப்படி:
சாப்பாட்டில் வில்லன் "தாஷி". காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, சுருட்டிய முட்டை, நாத்தோவோடு (நொதித்த சோயா) வரும் குட்டி சாஸ் பாக்கெட், எல்லாவற்றிலும் இருக்கும். "மீன் போடாதீர்கள்" என்று சொன்னால் துண்டு போட மாட்டார்கள், சாறு போடுவார்கள். கடையில் விற்கும் மசாலாக் குழம்புக் கட்டியிலும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு.

ஆகவே வீட்டுச் சமையல்தான் ருசி. அரிசிக் கோப்பை 180 மில்லி, ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். மூன்று நான்கு தண்ணீர் கழுவி, குக்கர் உள்பாத்திரக் கோடு வரை ஊற்றி, அரை மணி ஊறவிட்டுப் போடுங்கள். சோறு ஒட்டத்தான் செய்யும். ரசத்துக்குச் சுமார், தயிருக்குப் பிரமாதம். சுடுசோற்றில் பச்சை முட்டை உடைத்து, சோயா சாஸ் நாலு சொட்டு விட்டுக் கலப்பது அங்கத்திய காலை உணவு. முட்டை டப்பாவில் இருக்கும் தேதியே பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடுதான். தாளிக்கும்முன் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கடுகு வாசம் அவளுடைய கோட்டு வரைக்கும் ஏறும்.

நவம்பரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் சூடான கூழாங்கல்மேல் சுட்ட சர்க்கரைவள்ளி இருக்கும். தோல் கருத்து, பிளந்தால் தேன் மாதிரி ஒட்டும். அதை வாங்காமல் வந்தால் பயணமே தண்டம். கடை சாத்த ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போது சமைத்த பண்டங்கள்மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுகிறவர் பின்னாலேயே ஒரு சிறு கூட்டம் பார்க்காத மாதிரி நகரும்.

நடைபாதை:
குப்பையை யாரும் சொல்லவில்லையே. எரிக்கிற வகைக் குப்பையை எடுப்பது வாரம் இரண்டு நாள், பெரும்பாலும் காலை எட்டுக்குள், உள்ளே தெரிகிற பையில் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கை கிழிக்கும், பேர் கெடுவது உங்கள் தோழிக்கு. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடி, லேபிள் கழற்றி, அலசி, நசுக்கித் தனியாக. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், கைப்பையில் ஒரு கவர் வையுங்கள்.

தரையில் ஃபுதோன் மெத்தை போட்டுத் தூங்கினால் எழுந்ததும் மூன்றாக மடித்து அரை மணி காற்றாட வையுங்கள். அப்படியே விட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தத்தாமிப் பாய்மேல் பெட்டிச் சக்கரம் உருட்டக் கூடாது.

சாயங்காலம் ஐந்துக்கு (குளிர்காலத்தில் சில வார்டுகளில் நாலரைக்கு) தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு கேட்கும். பேரிடர் அறிவிப்பு வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை அது. பயப்பட வேண்டாம்.

மலையோரம்:
அருமை! தோழி படம் அனுப்பினாள்: தொட்டி, வாஷ்பேசின், டாய்லெட் மூன்றும் ஒரே அறையில். முக்காலி போட இடமே இல்லை.

தொட்டித்தண்ணீர்:
அப்படியென்றால் நான் சொன்ன முறை அங்கே செல்லாது. அது "யூனிட் பாத்". தொட்டிக்குள்ளேயே நின்று குளிக்க வேண்டும், திரையின் அடிப்பக்கம் தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும். வெளியே விழுந்தால் டாய்லெட் தரை முழுக்க ஈரம். ஆளுக்கு ஆள் புதுத் தண்ணீர்.

நடைபாதை:
ஊறும் ஆசைக்குத் தெருவிலேயே "செந்தோ" இருக்கும், பொதுக் குளியல் கூடம். டோக்கியோவில் பெரியவர்களுக்கு 550 யென். பெரும்பாலும் மதியம் மூன்று நான்குக்குமேல் திறப்பார்கள். சோப்பு, சின்னத் துண்டு, பெரிய துண்டு கையோடு. சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல். உடுப்பில்லாமல்தான், ஆண் பெண் தனித்தனி. கூச்சம் முதல் ஐந்து நிமிடம். தண்ணீர் 42, 43 இருக்கும், முதல் முறை ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம், எழும்போது தலை சுற்றும். வெளியே வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் குளிர்ந்த காபிப்பால். தோழி ஆபீஸ் விட்டு வரும் நேரம் பார்த்துப் போங்கள், இரண்டாக வாங்கலாம்.