முட்டுச் சந்தின் கடைசி மனை

சிறு தொழிற்பேட்டைகளுக்கான தெரு, குழாய், மின்சார பிளான்களைச் சரிபார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் வரைந்து அனுப்பும் டிராயிங்கைப் பார்த்துக் குறை எழுதுவதுதான் என் பங்கு.

வெருலம் பக்கம் ஒரு சரிவான நிலம். வெல்டிங் பட்டறை, மரவேலை, மசாலா அரைப்பவர் என்று சின்னத் தொழில்காரர்களுக்காக மனை பிரித்திருந்தார்கள். மேலே மெயின் ரோட்டில் பிரியும் தெரு கீழே முட்டுச் சந்தாக முடிகிறது. மேன்ஹோல் ஆழம், குழாய்ச் சரிவு, ஒரு குழாய் இன்னொன்றைக் கடக்கும் இடத்தில் விட்ட இடைவெளி எல்லாம் சரி. சில்லறைத் திருத்தங்களோடு ஒப்புதல் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மனை வாங்க நினைப்பவர்களுக்குப் பிளானைக் காட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. மேசையில் பெரிய தாளை விரித்து மூலைக்கு ஒரு டீ கப் வைத்திருந்தோம். அறுபதை நெருங்கும் ஒருவர் வந்தார். வெல்டிங்காரர். புறங்கையெல்லாம் தீப்பொறி சுட்ட கரும்புள்ளிகள். வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான், தமிழ் பாட்டியோடு போய்விட்டது என்றார். கண்ணாடியைக் கழற்றினார். தாளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் குனிந்து, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கான்டூர் கோடுகள் மேல் விரலை வைத்து மேலிருந்து மெல்லக் கீழே இழுத்துக்கொண்டே வந்தார். முட்டுச் சந்தின் கடைசி மனையில் விரல் நின்றது.

"தண்ணி இங்கதான் வரும் தம்பி."

அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் அதை மட்டும் தமிழில் சொன்னார். அந்த மனையைத்தான் அவர் வாங்க வந்திருந்தார். இருந்ததிலேயே விலை குறைவு அதுதான்.

சின்ன வயதில் அவர் குடும்பம் டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில், டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதியில் இருந்திருக்கிறது. 1976 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களை டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் குடியேற்றினார்கள். 2022 ஏப்ரலில் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளத்தில் அவருடைய வாடகைப் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். வெல்டிங் மெஷின் போயே போய்விட்டது.

அன்று இரவு பிளானை மறுபடி எடுத்தேன். இந்த முறை அந்த மனையின் வாசலில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தேன். மழைநீர்க் குழாயை அடிக்கடி பெய்யும் மழைக்குத்தான் கணக்கிடுவார்கள். பெருமழையில் மிஞ்சுவது தெரு வழியாக ஓடும், அப்போது தெருவே வாய்க்கால். அதில் தப்பில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் இந்த வாய்க்கால் அவர் கதவில் போய் முடிந்தது. பின்னால் சுற்றுச்சுவர். தண்ணீர் வெளியேற ஒரு அடி வழிகூட விடவில்லை.

அப்புறம் லாரி. தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ட்ரெய்லரோடு 22 மீட்டர் நீள வண்டி வரை வரலாம். அவ்வளவு பெரியது வேண்டாம், 6 மீட்டர் இரும்புக் குழாய் ஏற்றிவரும் லாரியே அந்தச் சந்தில் ஒரே வீச்சில் திரும்பாது. தெரு முடிவில் வண்டி திரும்ப, குடியிருப்புத் தெருவுக்குப் போடும் வட்டத்தை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். மின்சாரமும் வீட்டுக்குக் கொடுக்கும் 60 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ்தான். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மினி சப்ஸ்டேஷன் தெருவின் மேல் முனையில். கேபிள் நீள நீள வோல்டேஜ் இறங்கும், அதன் வால் இவர் பட்டறையில்.

தெரு, குழாய், மின்சாரம் என மூன்று டிராயிங்கும் மூன்று பேர் போட்டவை. மூன்றின் குறையும் ஒரே மனையில் வந்து குவிந்ததை நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கையில் பணம் குறைவாக உள்ளவர்தான் அந்த மனைக்கு வருவார் என்பது இன்னும் உறுத்துகிறது. நம் ஆட்கள் பலர் பிளானைச் சரிபார்ப்பது என்றால் விதிகளோடு ஒப்பிட்டு டிக் அடிப்பது என்றே நினைக்கிறோம். தயவுசெய்து அங்கே வேலை செய்யப் போகிறவரிடம் ஒரு முறை தாளைக் காட்டுங்கள்.

நிலம் போகிறதே என்று டெவலப்பர் ரொம்ப நேரம் வாதாடினார். கடைசியில், பின்பக்கம் வரை 3 மீட்டர் அகலத்தில், கட்டடம் கட்டக் கூடாத பட்டை ஒன்று தண்ணீருக்காக விடப்பட்டது. வட்டமும் பெரிதானது. எல்லா மனைக்கும் த்ரீ ஃபேஸ் கிடைத்தது. சப்ஸ்டேஷனைக் கீழ் முனைக்குக் கேட்டேன், பாதி வழிதான் வந்தது.

அந்த அண்ணன் அதே மனையை வாங்கினார். முதல் பெருமழை அன்று போனில் ஒரு படம் அனுப்பினார். பட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் ஓடுகிறது, பட்டறைத் தரை காய்ந்து கிடக்கிறது. புது வெல்டிங் மெஷினை மட்டும் நாலு செங்கல் உயரத்தில் தூக்கி வைத்திருந்தார்.